தலையில் அடி, ஸ்கேன் நார்மல், ஆனால் மூன்று வாரமாகத் தலைசுற்றல்: ஆஸ்டியோபதி பார்க்கலாமா?

மழை_வேளச்சேரி | நவம்பர் 28, இரவு 8:50

எல்லோருக்கும் வணக்கம். இந்தப் பதிவை மூன்று நாளாகக் கொஞ்சம் கொஞ்சமாக எழுதுகிறேன். பத்து நிமிடத்துக்கு மேல் திரையைப் பார்த்தால் கண்ணுக்குப் பின்னால் அழுத்துகிறது.

நவம்பர் 7 மாலை, நல்ல மழை. தரமணி லிங்க் ரோட்டில் தண்ணீருக்கடியில் இருந்த பள்ளத்தில் ஸ்கூட்டியின் முன்சக்கரம் இறங்கிவிட்டது. வலப்பக்கமாக விழுந்தேன். ஹெல்மெட் போட்டிருந்தேன், ஸ்ட்ராப்பும் மாட்டியிருந்தேன். மயங்கவில்லை என்றுதான் பார்த்தவர்கள் சொன்னார்கள். ஆனால் என்னை யார் தூக்கிவிட்டார்கள், வண்டியை யார் ஓரம் கட்டினார்கள் என்பது எனக்கு நினைவில் இல்லை. பக்கத்தில் இருந்த ஒரு மருத்துவமனையில் சி.டி. எடுத்தார்கள். ரத்தக்கசிவு இல்லை, எலும்பு முறிவு இல்லை. "எல்லாம் நார்மல், ரெண்டு நாள் ரெஸ்ட் எடுங்க" என்று பாராசிட்டமால் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். கன்கஷன், அதாவது அடியில் மூளை குலுங்கிக் கலங்குவது, என்ற வார்த்தையைக்கூட யாரும் சொல்லவில்லை. அதை நானே பிறகு தேடித்தான் தெரிந்துகொண்டேன்.

இன்றோடு மூன்று வாரம். பிடரியின் வலப்பக்கத்தில் தொடங்கும் வலி காதுக்கு மேலே ஏறி வலது கண்ணில் வந்து நிற்கிறது. படுக்கையில் வலப்பக்கம் புரண்டால் அறையே சுற்றுகிறது. மிக்சி ஓடினால் நான் பால்கனிக்குப் போய்விடுகிறேன். ஒரு மின்னஞ்சலை நான்கு முறை படித்தால்தான் விளங்குகிறது. வேலைக்கு நான் அவசரப்படவில்லை, ஆனால் வீட்டில் "ஸ்கேன்லதான் ஒண்ணும் இல்லையே" என்று கேட்கும்போது என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை. கட்டு இல்லை, தையல் இல்லை, காட்டுவதற்கு ஒன்றுமில்லை.

கூட வேலை செய்யும் ஒருவர், ஆஸ்டியோபதி பார்த்துச் சரியானதாகச் சொன்னார். என் மாமியார் ஹோமியோபதி என்று நினைத்துக்கொண்டார், பாதி உறவுக்காரர்கள் எலும்பு டாக்டர் என்று நினைக்கிறார்கள். கையாலேயே செய்யும் சிகிச்சை என்று மட்டும் எனக்குப் புரிந்தது. தலையில் அடிபட்டவர் இதற்குப் போகலாமா? போனவர்கள் யாராவது சொல்லுங்கள்.

---

பெரம்பூர்_செவிலி | நவம்பர் 28, இரவு 9:35

மகளே, மற்ற பேச்சுக்கு முன்னால் இதைப் படி. அவசர சிகிச்சைப் பிரிவில் 31 வருடம் வேலை பார்த்தவள் சொல்கிறேன்.

சி.டி. நார்மல் என்றால் அது எடுத்த நேரத்துக்கு நார்மல். அதற்குப் பிறகு தலைவலி நாளுக்கு நாள் கூடிக்கொண்டே போவது, திரும்பத் திரும்ப வாந்தி, எழுப்பினாலும் எழாத தூக்கம், பேச்சு குழறுவது, ஒரு கை அல்லது கால் பலமிழப்பது, வலிப்பு, கண்பாவை ஒன்று பெரிதாகவும் ஒன்று சிறிதாகவும் இருப்பது, மூக்கிலோ காதிலோ தெளிந்த நீர் வடிவது, இதில் எது வந்தாலும் 108. ஆஸ்டியோபதியும் வேண்டாம், இந்த இழையில் கேள்வியும் வேண்டாம். வயதானவர்களுக்கும், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் அடிபட்டு சில வாரம் கழித்துக்கூட மெல்லக் கசிந்து தெரியவரும். உனக்கு அப்படி மாத்திரை எதுவும் உண்டா?

இன்னொன்று. சாலை விபத்து என்றால் முதல் 48 மணி நேர சிகிச்சைக்கு அரசு பணம் கட்டும் திட்டம் 2021 டிசம்பரிலிருந்து இருக்கிறது, "நம்மைக் காக்கும் 48". திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனைகளிலும் செல்லும். காசுக்குப் பயந்து ஸ்கேன் எடுக்காமல் வீட்டுக்குப் போகிறவர்களை நிறையப் பார்த்துவிட்டேன், அதனால் சொல்லி வைக்கிறேன்.

---

மழை_வேளச்சேரி | நவம்பர் 28, இரவு 9:52

இல்லை அம்மா, பாராசிட்டமால் மட்டும்தான். தினமும் இரண்டு. நீங்கள் சொன்ன அறிகுறி எதுவும் இல்லை. நன்றி.

---

முகப்பேர்_கீப்பர் | நவம்பர் 28, இரவு 10:20

சகோதரி, தயங்காமல் போங்கள். நான் லீக் கிரிக்கெட்டில் விக்கெட் கீப்பர். 2022-ல் ஸ்டம்புக்கு அருகில் நின்றபோது பந்து தாடைக்கு மேலே பட்டது. இரண்டு மாதம் நீங்கள் எழுதியிருப்பதெல்லாம் எனக்கும் இருந்தது. ஆறு முறை ஆஸ்டியோபதி போனேன். மூன்றாவது முறைக்குப் பிறகு பிடரி லேசானது, அதற்கப்புறம்தான் ராத்திரி தூக்கமே வந்தது.

எனக்குச் செய்தவர் சொன்னது: தலையோட்டு எலும்புகளுக்கு ஒரு நுண்ணிய அசைவு இருக்கிறது, மூளையைச் சுற்றியுள்ள நீருக்கு ஒரு தாளம் இருக்கிறது, அடிபட்டால் அந்தத் தாளம் கெடும், கையை வைத்து அதைத் திருத்தலாம். அவர் தலையைத் தொட்டதே தெரியாது, அவ்வளவு மெல்லிய கை.

கிரிக்கெட்டில் இப்போது இதை எவ்வளவு தீவிரமாக எடுத்துக்கொள்கிறார்கள் என்று வீட்டில் இருப்பவர்களுக்குச் சொல்லுங்கள். 2020 டிசம்பர் 4, கான்பெர்ரா. நம்ம நடராஜனின் முதல் சர்வதேச டி20. ஜடேஜா ஹெல்மெட்டில் அடி வாங்கியும் ஆடி முடித்துத்தான் வந்தார். ஆனாலும் பந்துவீச்சுக்கு அவருக்குப் பதிலாகச் சஹல் இறங்கினார். நடந்து வந்த மனிதரையே உட்கார வைத்தார்கள்.

---

சித்திரக்குளம் | நவம்பர் 29, காலை 6:40

கீப்பர் நண்பருக்குச் சரியானதில் மகிழ்ச்சி. ஆனால் அந்த விளக்கத்தை நான் ஏற்க மாட்டேன்.

ஆஸ்டியோபதியைத் தொடங்கியவர் ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில், அமெரிக்க மருத்துவர், 1874. மிசௌரி மாநிலம் கிர்க்ஸ்வில்லில் 1892-ல் பள்ளியும் வைத்தார். எலும்பு, தசை, மூட்டு ஆகியவற்றைக் கையால் சீராக்குவது அதன் அடிப்படை. தலையோட்டு எலும்பு அசைகிறது, அதன் தாளத்தைக் கையால் உணரலாம் என்பது பின்னால் வில்லியம் சதர்லேண்ட் சேர்த்தது. வளர்ந்தவர்களின் தலையோட்டை விரல் அழுத்தத்தால் அசைத்துச் சிகிச்சை செய்ய முடியும் என்பதற்கு ஆதாரம் இல்லை. ஒரே நோயாளியின் "தாளத்தை" இரண்டு பேர் தனித்தனியாக எண்ணிப் பார்த்தால் எண்ணிக்கை ஒத்துப்போவதில்லை என்பதும் சோதித்துப் பார்க்கப்பட்டதுதான்.

அடிபட்ட மூளைக்குத் தேவை காலம். பெரியவர்களில் பெரும்பாலோருக்கு இரண்டு வாரத்தில் தானாகவே சரியாகிவிடும். அந்தக் காலத்தில் எதைச் செய்தாலும் அதுதான் குணப்படுத்தியது என்று தோன்றும். ஒரு தடவைக்கு 1,500, 2,000 கொடுக்குமுன் யோசியுங்கள்.

---

தாம்பரம்_வர்மம் | நவம்பர் 29, காலை 9:15

எங்கள் ஊர்ப்பக்கம் தலையில் அடிபட்டால் வர்ம ஆசான் தொக்கணம், அதாவது கையால் பிடித்துத் தேய்த்துவிடும் சித்த வைத்தியம், செய்வார். வெளிநாட்டு முறையைத் தேடுகிறோம், இதைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனமே இருக்கிறது. அங்கே கேட்டுப் பாருங்கள்.

---

பிசியோ_கேகேநகர் | நவம்பர் 29, பகல் 1:30

நான் பிசியோதெரபிஸ்ட். தலைசுற்றல், கழுத்து, கன்கஷன் இந்த மூன்றும்தான் என் அன்றாட வேலை. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன். மழை சகோதரி இதைத் துண்டு துண்டாகப் படிக்கட்டும், இல்லையென்றால் வீட்டில் யாராவது வாசித்துக் காட்டட்டும்.

முதலில், ஸ்கேனில் ஏன் ஒன்றும் தெரியவில்லை? சி.டி. ரத்தத்தையும் முறிவையும் காட்டும். கன்கஷனில் கெடுவது மூளைச் செல்களின் வேலை. குலுக்கலில் செல்லுக்கு உள்ளேயும் வெளியேயும் இருக்க வேண்டிய உப்புகள் இடம் மாறிவிடுகின்றன. அதைப் பழையபடி வைக்கச் செல் நிறைய சக்தியைச் செலவழிக்கிறது, அதே நேரத்தில் ரத்த ஓட்டமோ குறைந்திருக்கிறது. வரவு குறைவு, செலவு அதிகம். மின்னஞ்சலை நான்கு முறை படிப்பது இதனால்தான், சோம்பலால் அல்ல. வீட்டில் இதைச் சொல்லுங்கள்.

ஆனால் மூன்று வாரம் ஆன பிறகும் தொடர்கிறது என்றால் மூளையை மட்டும் பார்த்தால் போதாது. தலை அந்த வேகத்தில் குலுங்கும்போது கழுத்தும்தானே குலுங்கியது? கழுத்தின் மேல் மூன்று எலும்புகளிலிருந்து போகும் வலி நரம்புகளும், நெற்றி, கண் பகுதியிலிருந்து வரும் வலி நரம்புகளும் மூளைத்தண்டில் ஒரே இடத்தில் சேர்கின்றன. அதனால் பிடரி மூட்டில் உள்ள கோளாறு கண்ணுக்குப் பின்னால் வலியாகத் தெரியும். நீங்கள் எழுதிய பாதை, பிடரி, காது, கண், அப்படியே அதுதான்.

படுக்கையில் புரண்டால் சுற்றுவது வேறு கதை. உள்காதில் சின்னச் சின்ன கால்சியம் துகள்கள் இருக்கின்றன. அடியில் அவை கழன்று அரைவட்டக் குழாய்க்குள் போய்விட்டால், தலையைத் திருப்பும்போதெல்லாம் சில விநாடிகள் உலகம் சுற்றும். இதற்கு மாத்திரை தேவையில்லை. எப்லி என்று ஒரு முறை உண்டு. படுக்க வைத்துத் தலையை வரிசையாக நான்கு நிலைகளுக்குத் திருப்பித் துகளைப் பழைய இடத்துக்கே கொண்டுபோவோம். பலருக்கு ஒன்றிரண்டு முறையிலேயே நிற்கும். காது மூக்கு தொண்டை மருத்துவரோ, தலைசுற்றல் பார்க்கும் பிசியோவோ சோதித்துச் சொல்வார்கள்.

இப்போது ஆஸ்டியோபதி. மண்டையோட்டு அசைவு பற்றி சித்திரக்குளம் சொன்னது சரி. ஆனால் ஆஸ்டியோபதி என்றால் அது மட்டும் இல்லை. பிடரித் தசைகளைத் தளர்த்துவது, இறுகிய கழுத்து மூட்டை மெல்ல அசைத்து விடுவிப்பது, நோயாளியையே லேசாக எதிர்த்துத் தள்ளச் சொல்லித் தசையை இளக வைப்பது, இதெல்லாம் கழுத்து வலிக்கு உதவும். பிசியோக்களும் இதைச் செய்கிறோம். 2014-ல் கால்கரி பல்கலைக்கழகத்தில் ஒரு சோதனை நடத்தினார்கள். கன்கஷனுக்குப் பிறகு தொந்தரவு நீடித்த 31 பேர், வயது 12 முதல் 30 வரை. ஒரு பிரிவுக்கு வழக்கமான ஓய்வும் படிப்படியான உடற்பயிற்சியும் மட்டும். இன்னொரு பிரிவுக்கு அதோடு கழுத்துக்குக் கை சிகிச்சையும் சமநிலைப் பயிற்சியும். எட்டு வாரத்தில் விளையாட்டுக்குத் திரும்பலாம் என்று மருத்துவர் அனுமதித்தது, சிகிச்சைப் பிரிவில் 15 பேரில் 11 பேரை. மற்றதில் முடிவு கணக்கிடப்பட்ட 14 பேரில் ஒரே ஒருவரை. சின்ன சோதனைதான், ஆனால் திசை தெளிவு. கவனியுங்கள், கையும் பயிற்சியும் சேர்ந்துதான். ஆஸ்டியோபதியை மட்டும் தனியாகக் கன்கஷனுக்குச் சோதித்தவை இன்னும் சிறிய ஆய்வுகள்.

ஒரு எச்சரிக்கை, இதை மட்டும் மறக்க வேண்டாம். கழுத்தை வெடுக்கென்று திருப்பிச் சொடுக்கு எடுப்பதற்கு ஒப்புக்கொள்ளாதீர்கள். கழுத்தெலும்புக்குள் ஓடும் தமனியின் உட்சுவர் கிழிந்தால் பக்கவாதம் வரை போகும். விபத்திலேயே அந்தத் தமனிக்கு அடி பட்டிருக்கலாம் என்பதால் உங்களைப் போன்றவர்களுக்கு ஆபத்து கூடுதல். தொக்கணத்துக்கும் இதே பேச்சுதான், தாம்பரம் ஐயா கோபித்துக்கொள்ள வேண்டாம்.

நம் ஊரில் ஆஸ்டியோபதிக்கென்று பிரிட்டனில் இருப்பது போன்ற தனிப் பதிவுக் கவுன்சில் கிடையாது. எனக்குத் தெரிந்து இங்கே செய்கிறவர்களில் பலர் பிசியோதெரபி படித்துவிட்டு மேற்கொண்டு இதைப் படித்தவர்கள். அடிப்படைப் படிப்பு என்ன என்று கேளுங்கள். கேட்பதில் தவறே இல்லை.

கடைசியாக, இருட்டறையில் படுத்தே கிடக்காதீர்கள். முதல் ஒன்றிரண்டு நாள் ஓய்வு, திரை குறைவு, சரி. அதற்குப் பிறகு நடக்க வேண்டும். 2022-ல் ஆம்ஸ்டர்டாமில் கூடிய நிபுணர்கள் சொன்னதும் அதுதான். பத்துக்கு எவ்வளவு என்று தொந்தரவை எண்ணால் குறித்துக்கொள்ளுங்கள். நடக்கும்போது அது இரண்டு எண்ணுக்கு மேல் ஏறாதவரை நடக்கலாம், ஏறினால் நிறுத்திவிட்டு மறுநாள். பாராசிட்டமால் மாதத்தில் பதினைந்து நாளுக்கு மேல் போய் அதுவே பழக்கமாகிவிட்டால் மாத்திரையே தலைவலியைக் கொண்டுவரும். உங்கள் மருத்துவரிடம் பேசிக் குறையுங்கள்.

---

முகப்பேர்_கீப்பர் | நவம்பர் 29, மாலை 4:05

பிசியோ சார், எனக்குச் செய்தவர் கழுத்தையும் நிறைய நேரம் பார்த்தார், தினமும் நடக்கச் சொன்னார். எது வேலை செய்தது என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. ஆனால் அவர் கையை வைத்திருந்த அந்த முக்கால் மணி நேரத்தில்தான் இரண்டு மாதத்தில் முதல் முறையாக என் உடம்பு தளர்ந்தது. அதை ஒன்றுமில்லை என்று சொல்ல எனக்கு மனம் வராது.

---

சித்திரக்குளம் | நவம்பர் 29, இரவு 7:30

அதை நானும் ஒன்றுமில்லை என்று சொல்லவில்லை நண்பரே. பயத்தில் இருக்கும் ஒருவர் முக்கால் மணி நேரம் கவனிக்கப்படுவதே பெரிய விஷயம். காரணத்தை மட்டும் சரியாகச் சொல்வோம் என்கிறேன்.

---

மழை_வேளச்சேரி | டிசம்பர் 9, மாலை 5:20

உங்கள் பதில்களை என் கணவர் இரண்டு இரவுகளில் வாசித்துக் காட்டினார். "வரவு குறைவு, செலவு அதிகம்" என்ற இடத்தில் நிறுத்திவிட்டு, "இது எனக்குப் புரியலையே இத்தனை நாளா" என்றார். அன்றிலிருந்து மிக்சி போடுமுன் எனக்குச் சொல்லிவிட்டுத்தான் போடுகிறார்கள். மாமியார் அம்மியை எடுத்துக் கழுவி வைத்துவிட்டார்.

முதலில் போன இடம் சரியில்லை. உள்ளே போய் ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை, ஸ்கேன் ரிப்போர்ட்டைப் பார்க்கவில்லை, என் தாடையைப் பிடித்துக் கழுத்தைத் திருப்பப் போனார்கள். பிசியோ சார் எழுதியது மனதில் இருந்ததால் "வேண்டாம்" என்று எழுந்துவிட்டேன். கட்டிய பணம் திரும்பவில்லை, பரவாயில்லை.

பிறகு காது மூக்கு தொண்டை மருத்துவர். தலையை வலப்பக்கம் திருப்பி வேகமாகப் படுக்க வைத்ததும் அறை சுற்றியது, என் கண் துடிப்பதை அவர் பார்த்துக்கொண்டே எண்ணினார். எப்லி செய்தார். நான்கு நாள் கழித்து இன்னொரு முறை. இப்போது வலப்பக்கம் புரண்டு படுக்கிறேன். ஐந்து வாரத்தில் முதல் முறை.

அப்புறம் அடையாறு பக்கம் ஒரு ஆஸ்டியோபதி. பிசியோ படித்துவிட்டு மேலே படித்தவர், நானே கேட்டேன், முகம் சுளிக்காமல் சொன்னார். முதல் அரைமணி நேரம் கேள்விகள் மட்டும்: எப்படி விழுந்தேன், எந்தப் பக்கம், வாந்தி உண்டா, கை மரத்துப்போகிறதா, பார்வை இரண்டாகத் தெரிகிறதா. பிறகு பிடரிக்கடியில் விரல்நுனிகளை வைத்துக்கொண்டு என் தலையின் பாரத்தையே அழுத்தமாக விட்டு அப்படியே இருந்தார். வலப்பக்கம் ஒரு புள்ளியில் அழுத்தியதும் கண்ணில் அதே வலி வந்தது. "இதுதானே?" என்றார். எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. ஐந்து வாரமாகக் காட்ட முடியாத வலியை ஒருவர் விரலால் தொட்டுக் காட்டிவிட்டார். சொடுக்கு எடுக்கவில்லை, அது இப்போது கூடாது என்று அவரே சொன்னார். மூளையைக் குணப்படுத்துவதாகவும் சொல்லவில்லை.

அன்று இரவு வலி கூடியது, மறுநாள் குறைந்தது. இரண்டு தடவை ஆகியிருக்கிறது. தலைவலி ஏழிலிருந்து நாலு.

---

பிசியோ_கேகேநகர் | டிசம்பர் 9, இரவு 8:10

எழுந்து வந்தீர்களே, அது ரொம்ப நல்லது. இனி பார்வைப் பயிற்சியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கை நீட்டிய தூரத்தில் சுவரில் ஒரு எழுத்து. கண்ணை அதிலேயே வைத்துத் தலையை மட்டும் இடவலமாக அசைக்க வேண்டும், எழுத்து கலங்கக் கூடாது. முதலில் உட்கார்ந்து, அரை நிமிடம். உங்களுக்கு எவ்வளவு வேகம் என்பதை நேரில் பார்ப்பவர் முடிவு செய்யட்டும்.

---

செங்கல்பட்டு_அப்பா | டிசம்பர் 11, இரவு 9:00

இடையில் வருவதற்கு மன்னிக்கவும். என் மகன் பிளஸ் டூ. பத்து நாள் முன்னால் கபடியில் தலை மோதிக்கொண்டான். டாக்டர் பார்த்து கன்கஷன் என்றார். அரையாண்டுத் தேர்வு வருகிறது. அடிபட்ட அன்று ராத்திரி முழுக்கத் தூங்க விடாமல் உட்கார வைத்தோம், அது தவறா? படிக்கச் சொல்லலாமா?

---

பெரம்பூர்_செவிலி | டிசம்பர் 11, இரவு 9:25

எல்லா வீட்டிலும் அப்படித்தான் செய்கிறார்கள் தம்பி, வருத்தப்படாதீர்கள். மருத்துவர் பார்த்து வீட்டுக்கு அனுப்பிய பிறகு தூங்கலாம், தூக்கம் மூளைக்கு நல்லது. அன்று இரவு பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருந்தால் போதும். பிள்ளைகளுக்கு முழுதாகத் தேற நான்கு வாரம் வரை ஆகும். பள்ளிக்கு அரைநாளாக அனுப்புங்கள், இருபது நிமிடம் படிப்பு, பிறகு இடைவெளி. பள்ளியில் ஒரு கடிதம் கொடுங்கள். கபடி மட்டும் மருத்துவர் எழுதிக் கொடுக்கும்வரை கூடவே கூடாது. முதல் அடி ஆறுமுன் இரண்டாவது அடி விழுந்தால் நிலைமை வேறு.

---

மழை_வேளச்சேரி | டிசம்பர் 30, காலை 7:45

எட்டாவது வாரம். திருவான்மியூர் கடற்கரையில் தினமும் காலை இருபது நிமிடம் வேகமாக நடக்கிறேன். முதல் வாரம் ஏழு நிமிடத்திலேயே தலை கனத்தது. கணவர் பக்கத்தில் நடந்துகொண்டே "எத்தனை?" என்று கேட்பார், நான் எண்ணைச் சொல்வேன். ஐந்தைத் தாண்டினால் மணலில் உட்கார்ந்துவிடுவோம்.

மார்கழி என்பதால் போன சனிக்கிழமை மயிலாப்பூரில் ஒரு கச்சேரிக்குப் போனேன். கடைசி வரிசையில், கதவுக்குப் பக்கத்தில். வயலினும் பாட்டும் ஒன்றும் செய்யவில்லை. தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கமும் கடமும் சேர்ந்தபோது மூன்றிலிருந்து ஐந்தானது, எழுந்து வெளியே வந்து பத்து நிமிடம் நின்றேன். திரும்ப உள்ளே போய் மங்களம் வரை இருந்தேன். இரவு வலி இல்லை.

ஆஸ்டியோபதி ஐந்து தடவை முடிந்தது. ஐந்தாவது முறை அவரே "இனி என்னிடம் வர வேண்டியதில்லை, பயிற்சியை விடாதீர்கள், பிடரி இறுகினால் மட்டும் கூப்பிடுங்கள்" என்றார். கீப்பர் அண்ணா, அவர் என் தலையோட்டில் கை வைத்ததும் உண்டு. அது என்ன செய்தது என்று எனக்குத் தெரியாது, இதமாக இருந்தது. கழுத்தில் செய்தது என்ன செய்தது என்று நன்றாகத் தெரிகிறது. ஜனவரியிலிருந்து தினமும் நான்கு மணி நேரம் வேலை என்று அலுவலகத்தில் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.

---

சித்திரக்குளம் | டிசம்பர் 30, காலை 8:20

ஐந்தோடு அனுப்பி வைத்தாரே, அந்த மனிதர்மீது எனக்கு மரியாதை வருகிறது. மாதக்கணக்கில் பேக்கேஜ் விற்காதவரை நல்லவர்.

---

மழை_வேளச்சேரி | ஜனவரி 25, இரவு 8:15

இன்று ஸ்கூட்டியை எடுத்தேன். அடிபட்ட ஹெல்மெட்டைத் தூக்கிப்போட்டுவிட்டேன். வெளியே கீறல் மட்டும்தான், ஆனால் உள்ளே உள்ள தெர்மோகோல் ஒரு முறை நசுங்கினால் அடுத்த அடியைத் தாங்காது என்று கடைக்காரரும் சொன்னார், புதிதுதான் வாங்கினேன். விஜயநகர் பேருந்து நிலையம் வரை போய்த் திரும்பினேன். தோளுக்கு மேல் திரும்பிப் பின்னால் வரும் பேருந்தைப் பார்க்கும்போது சுற்றவில்லை. தரமணி லிங்க் ரோட்டுப் பக்கம் இன்னும் போகவில்லை.

செங்கல்பட்டு அண்ணா, தம்பி எப்படி இருக்கிறான்?

---

செங்கல்பட்டு_அப்பா | ஜனவரி 25, இரவு 9:40

நன்றாக இருக்கிறான் அம்மா. அரையாண்டில் இரண்டு தாள் எழுதவில்லை, பள்ளியில் பிறகு தனியாக வைத்தார்கள். போன வாரம் டாக்டர் மைதானத்தில் ஓடலாம் என்று எழுதிக் கொடுத்தார், கபடிக்கு இன்னும் இல்லை. வாசலில் ஷூவை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான், நாளைக் காலை ஐந்தரைக்கு என்னை எழுப்பிவிடச் சொல்கிறான்.